புதிதாக வந்த பூனைக்குட்டியிடம் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், கொட்டாஞ்சேனையில் உறவினர் ஒருவரின் கடைக்குப் பின்புறம் பிறந்த பூனைக்குட்டியொன்றை பிஸ்கட் மட்டைப்பெட்டியில் வைத்து ஓட்டோவில் கொண்டுவந்தோம். வந்த கையோடு பெட்டியை முன்னறையின் நடுவில் வைத்துத் திறந்ததும் குட்டி ஒரே பாய்ச்சலில் அலுமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. பிள்ளைகள் மூவரும் தரையில் குப்புறப் படுத்துக் கைபேசி வெளிச்சத்தை அதன் முகத்தில் அடித்தார்கள். அம்மா கோப்பையில் பால் கொண்டுவந்தார். நான் தும்புத்தடியின் காம்பை உள்ளே விட்டு அதை வெளியே தள்ளப் பார்த்தேன். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நாங்கள் விடாத பிழை இல்லை என்பது பின்னர்தான் விளங்கியது.

எல்லாமே ஆசையால் செய்த பிழைகள்தாம். ஆனால் குட்டியின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை வேறு. தாயின் மணமும் கூடப்பிறந்தவற்றின் சூடும் ஒரே நாளில் இல்லாமல் போய்விட, முன்பின் அறியாத மணங்களுக்கு நடுவே அது நிற்கிறது. பூனை வேட்டையாடும் பிராணி மட்டுமன்றி, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய சிறு பிராணியும் ஆகையால், அச்சம் வந்தால் ஒளிந்துகொள்வதே அதன் இயல்பு. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ ஏழாவது வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி எங்களுடன் விரைவாகப் பழகிவிடும். அந்தக் காலத்தை ஒழுங்கையிலோ கடையின் பின்கட்டிலோ ஆள் தொடாமல் கழித்த குட்டிக்குக் கூடுதல் அவகாசம் வேண்டும். எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பதும், இயலுமானால் பன்னிரண்டு வாரம் வரை பொறுப்பதும் நல்லது.

முதற் பிழை, முழு வீட்டையும் அதற்குத் திறந்துவிடுவது. சுதந்திரம் கொடுப்பதாக நாம் நினைக்கிறோம். குட்டிக்கோ காவல் காக்க முடியாத அளவுக்குப் பெரிய இடம் வந்து சேர்கிறது. ஆரம்ப நாட்களுக்கு ஓர் அறை போதும். அவ்வளவு வசதி இல்லாத கொழும்பு வீடுகளில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையொன்றைக் கதிரைகளாலும் பழைய படுக்கை விரிப்பாலும் மறைத்துக் கொடுத்தாலும் காரியம் நடக்கும். அங்கே படுக்கை, தண்ணீர், உணவு, மலசலம் கழிக்க மண் தட்டு ஆகியவற்றோடு ஒரு மட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்தப் பெட்டியை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம்: நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட விரைவாக மன அழுத்தம் தணிந்து புதிய இடத்துக்குப் பழகியதைக் கண்டார்கள். விலை கொடுத்து வாங்கிய பஞ்சு மெத்தையை எங்கள் குட்டி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது வந்த பிஸ்கட் பெட்டிதான் பல வாரங்கள் அதன் வீடாக இருந்தது.

அடுத்த பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் எண்ணம்: ஒளிந்திருப்பதை இழுத்து வெளியே எடுப்பது. ஒருமுறை இழுத்தெடுக்கப்பட்ட குட்டி, அந்த மறைவிடமும் பாதுகாப்பில்லை, அந்தக் கையும் நம்பத்தக்கதில்லை என்ற இரண்டையும் ஒன்றாகக் கற்றுக்கொள்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்ற பழமொழி நம் கைகளுக்கும் பொருந்தும். தாய்ப்பூனை கழுத்துத் தோலைக் கவ்வித் தூக்குகிறதே என்று நாமும் அப்படித் தூக்குவது சரியாகாது. தாய் அதைச் செய்வது மிகச் சிறு வயதில். வளர்ந்த குட்டிக்கு அது வலியையும் அச்சத்தையும் தரும். தூக்கியே ஆகவேண்டிய நேரத்தில் ஒரு கை நெஞ்சின் கீழும் மறு கை பின்னங்கால்களின் கீழும் இருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? எங்களுக்குப் புத்தி சொன்னவர் மேல்மாடியில் இருந்த, வாழ்நாள் முழுதும் பூனை வளர்த்த ஒரு வயதான அம்மா. "தம்பி, அதைத் தேடாதேங்கோ. சாப்பாட்டை வைச்சிட்டு, லைட்டை நூத்துப்போட்டுப் பேசாமல் இருங்கோ" என்றார். அவர் சொன்னபடி அறையில் தரையோடு தரையாக, குட்டிக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கத் தொடங்கினேன். நின்றுகொண்டு குனிபவர் குட்டியின் கண்ணுக்கு மலைபோலத் தெரிவார். உற்றுப் பார்ப்பதையும் பூனைகள் மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும்; கண்களை மெல்லச் சுருக்கி, மூடித் திறப்பதே அவற்றின் மொழியில் நல்லெண்ணம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி மெதுவாகக் கண் சிமிட்டும் மனிதரிடம் பூனைகள் நெருங்கி வருவது கூடுவதைக் காட்டியது. குட்டி அருகே வந்தால் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல், மூக்கின் மட்டத்தில் ஒரு விரலை நீட்டி மணக்கவிட வேண்டும். அது கன்னத்தை உரசினால் கன்னத்தையும் தாடையையும் தடவலாம். உரசாமல் திரும்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். நீங்கள் உடுத்திய பழைய சேட் ஒன்றை அதன் பெட்டியில் போட்டுவைத்தால், நீங்கள் அறையில் இல்லாத நேரத்திலும் உங்கள் மணத்துக்கு அது பழகிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டார், மாமிமார், பிள்ளைகளின் சிநேகிதர்கள் எல்லோரையும் முதல் வாரத்திலேயே அழைத்துக் காட்டுவதும் பிழை. சத்தத்தைப் பொறுத்தவரை கொழும்பில் நாம் முற்றாகத் தடுக்கக்கூடியது குறைவு. கரையோரப் பாதையில் ஓடும் புகையிரதம், காலி வீதி பஸ்களின் ஹோர்ன், சித்திரை வருடப்பிறப்பு வெடிகள், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் பிற்பகல் இடி ஆகியவற்றுக்கு நடுவேதான் குட்டியும் வளர வேண்டும். வீதியை நோக்காத அறையைத் தெரிவுசெய்து, யன்னலை அடைத்து, வெடிச் சத்தத்துக்கு ஓடி ஒளிந்த குட்டியை ஒளிந்த இடத்திலேயே விட்டுவிடுவது போதுமானது. பட்டாசுக் காலம் நெருங்கிவிட்டால் குட்டியை அழைத்துவருவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

உணவு விடயத்தில் நம்மிடையே ஊறிப்போன பிழை பால். தாய்ப்பால் மறக்க மறக்கப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பல பூனைகளுக்குக் குறைந்துவிடுவதால் பசும்பாலும் கரைத்த பால்மாவும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரக்கூடும். குடிக்க ஆசைப்படுவது ஒத்துக்கொள்ளும் என்பதற்கு அடையாளம் ஆகாது. கறிச்சோற்றைப் பிசைந்து வைப்பதும் கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, அவை சேராத கறி நம் குசினிகளில் ஏது? பச்சை மீன் சிலவற்றில் தயமின் என்ற விற்றமினை அழிக்கும் பொருள் இருப்பதால் மீனை அவித்து, முள்ளெடுத்து, உப்பும் தூளும் இல்லாமல் இடையிடையே கொடுக்கலாம். அதையே முழு உணவாக்கக் கூடாது. கருவாடு வேண்டவே வேண்டாம். குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவை நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு தடவையாகச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே பாதுகாப்பானது. முதல் நாட்களில் குட்டி முன்பு எதைச் சாப்பிட்டதோ அதையே வைத்து, ஒரு வாரம் பத்து நாட்களில் படிப்படியாகப் புதியதைக் கலந்து மாற்ற வேண்டும். பயந்த குட்டி முதல் இரவு சாப்பிடாமல் இருப்பது வழமை. ஆனால் ஒரு முழு நாள் எதுவும் தொடாவிட்டால் மிருக வைத்தியரைக் கேட்கத் தாமதிக்கக் கூடாது. குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குப் பட்டினி ஆபத்தானது.

எலி பிடிக்க வேண்டும் என்பதற்காகக் குட்டியைக் குறை வயிற்றோடு வைத்திருப்போர் இன்னமும் இருக்கிறார்கள். வேட்டை உணர்வு பசியை மட்டும் நம்பி இருப்பதில்லை; வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும்.

மண் தட்டை உணவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குட்டி கட்டிலுக்கு அடியில் அசுத்தம் செய்கிறது என்று குறைப்படுவதும் உண்டு. உண்ணும் இடத்தில் கழிக்கப் பூனை விரும்பாது. விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டொன்றில் சுத்தமான மணலைப் பரப்பி அறையின் எதிர் மூலையில் வைத்து, நாளாந்தம் அள்ளிச் சுத்தம் செய்தால் பெரும்பாலான குட்டிகள் தாமாகவே பழகும். நனைத்தால் கட்டியாகும் வகை மணலைச் சிறு குட்டிகள் விழுங்கிவிடக்கூடும் என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தவறிய இடத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பதால் உங்களைக் கண்டு பயப்பட மட்டுமே அது கற்றுக்கொள்ளும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தட்டைச் சுத்தம் செய்வதை மற்றொருவர் பொறுப்பேற்க வேண்டும்.

வீதியிலிருந்து வந்த குட்டியை உடனே குளிப்பாட்டத் தோன்றும். சின்ன உடம்பு சூட்டை விரைவாக இழக்கும். பயமும் சேர்ந்தால் குட்டி துவண்டுவிடும். இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, துவாயால் உலர்த்தினால் இப்போதைக்குப் போதும். தெள்ளு இருக்கிறதென்று நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூசுவதுதான் உயிருக்கே உலை வைப்பது: அவற்றுள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. உடம்பு சுடுகிறதே என்று பனடோல் வில்லையைக் கரைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். அதிலுள்ள பரசிட்டமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு வில்லையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலும் நஞ்சு உள்ளே போகும். பூச்சாடியில் லில்லிப் பூ வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். அதன் மகரந்தம்கூடச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

மாடி வீட்டுக்காரர் பல்கனியை மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் தலை நுழையாத கம்பி இடைவெளிக்குள் குட்டியின் முழு உடலும் நுழைந்துவிடும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்ற நம்பிக்கையில் எலும்பு முறிந்த பூனைகள் அநேகம். உறுதியான கம்பி வலை அடித்த பின்னரே அந்தக் கதவைத் திறக்க வேண்டும்.

பயந்த குட்டி கீறவும் கடிக்கவும் செய்யும், அதை அலட்சியம் செய்யக் கூடாது. இலங்கையில் விசர்நோய் இன்னமும் இருக்கிறது; நாயினால் மட்டுமன்றிப் பூனையினாலும் பரவும். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குட்டிக்கு மூன்று மாதமளவில் விசர்நோய்த் தடுப்பூசியும், அதற்கு முன்னரே ஆறு முதல் எட்டு வார வயதில் மற்றத் தடுப்பூசிகளின் முதற் சுற்றும் போடப்படும். சளி, வயிற்றோட்டம், சோர்வு எதுவும் இல்லையென்றால், வந்து இறங்கிய அன்றே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஓரிரு நாள் ஆறவிடலாம். கண்ணை மூடிக் 'குர்குர்' என்று ஒலி எழுப்புகிறதே, சுகமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டவும் வேண்டாம். வலியிலும் அச்சத்திலும்கூடப் பூனை அப்படி ஒலி எழுப்பும்.

எங்கள் குட்டி நான்கு நாள் அலுமாரிக்கு அடியில் இருந்தது. நாம் படுத்த பிறகு சாப்பிட்டது, விடியுமுன் ஒளிந்தது. ஐந்தாம் இரவு பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தபோது உணவு கடிபடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் கால் பெருவிரலில் ஈர மூக்கொன்று பட்டது. அந்த நேரம் பார்த்துக் கடைசிப் புகையிரதம் யன்னல் கண்ணாடி அதிரப் போக, குட்டி மறுபடி அலுமாரிக்கு அடியில் மறைந்தது. ஆனால் இம்முறை பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது.