நியூஜெர்சியில் கஞ்சா கடை லைசென்ஸ்: எதை முதலில் பார்ப்பது?

நியூஜெர்சியில் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கேஸ் ஸ்டேஷன், மளிகை, லாண்டரி வைத்திருப்பவர்கள் வரிக் காகிதங்களைக் கொடுத்துவிட்டு, எழுந்திருக்கும்போது கேட்பார்கள்: "அக்கா, கஞ்சா கடை லைசென்ஸ் வாங்கலாமா? நல்ல காசாமே?" வாங்கலாம். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். இடம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் உங்கள் விசா. கஞ்சா விற்பனையை அனுமதித்து 2021 பிப்ரவரியில் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி கையெழுத்திட்டது மாநிலச் சட்டம். குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு. மாநிலம் அனுமதித்திருந்தாலும், மத்தியச் சட்டப்படி குற்றமான கஞ்சாத் தொழிலில் இருப்பது குடியுரிமைக்கு வேண்டிய 'நன்னடத்தை' நிபந்தனைக்குத் தடையாகலாம் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொன்னது. கிரீன் கார்டுக்காரர் முதலாளியாக இருந்தால்தான் வம்பு என்றில்லை, கல்லாவில் நின்றாலும் வம்புதான். கணவர் குடிமகன், மனைவி கிரீன் கார்டு என்றால், மனைவி பெயரைப் பங்குதாரராகப் போடும் முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அடுத்தது ஊர். மாநிலத்தில் அப்போது இருந்த 565 நகராட்சிகளில் பெரும்பாலானவை, சட்டம் கொடுத்த 2021 ஆகஸ்ட் கெடுவுக்குள் கஞ்சா கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டன. மனம் மாறினால் பிறகு திறந்துவிடலாம், சில ஊர்கள் அப்படித் திறந்தும் இருக்கின்றன. டவுன் கிளார்க்கிடம் போய் ஆர்டினன்ஸின் (ஊர் போட்ட சட்டத்தின்) நகலைக் கேளுங்கள். எத்தனை கடை, எந்தத் தெரு, உள்ளூர் வரி எவ்வளவு (2 சதவீதம் வரை போடலாம்) என்பதெல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை அடி என்று இருந்தால், எங்கிருந்து அளப்பது என்பதையும் படியுங்கள். பக்கத்து நியூயார்க்கில் மாநிலக் கஞ்சா அலுவலகமே பள்ளியின் வாசலிலிருந்து அளந்து லைசென்ஸ் கொடுத்துவிட்டது. பள்ளி மனையின் எல்லையிலிருந்து அளந்திருக்க வேண்டும் என்று அதே அலுவலகம் 2025 ஜூலையில் சொன்னபோது நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் மாட்டிக்கொண்டன.

சரி, இப்போது முன்னுரிமை. கஞ்சா கட்டுப்பாட்டு ஆணையம் மூன்று வகையினரின் விண்ணப்பங்களை, எப்போது வந்திருந்தாலும், மற்றவர்களுக்கு முன்னால் எடுத்துப் பார்க்கிறது. முதல் வகை சமூகநீதிப் பிரிவு: பெரும்பான்மைப் பங்குக்காரர்கள் பொருளாதாரத்தில் பின்தங்கிய பகுதியில் கடந்த 10 ஆண்டுகளில் 5 ஆண்டாவது வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது பழைய கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும். இரண்டாவது, சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர்கள் நடத்தும் தொழில். மூன்றாவது, நியூவர்க், டிரென்டன் போன்ற, பழைய கஞ்சா கைதுகளால் அதிகம் அடிபட்ட 'பாதிப்பு மண்டலங்களோடு' தொடர்புள்ளவை. புறநகரில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் பொருந்துவது இரண்டாவதுதான். அதற்கு மாநிலக் கருவூலத்தின் சான்றிதழ் வேண்டும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

முதல் வகைக்காக ஒருவரைப் 'பிடித்து வரலாமா' என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும் கேள்வி அது. இந்த மாநிலத்தில் கஞ்சாவுக்காகக் கறுப்பினத்தவர் கைதான விகிதம் வெள்ளையரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அதற்குப் பரிகாரமாக வந்த சலுகையில் பினாமி வைக்கக் கூடாது. பினாமி ஒப்பந்தம் எப்படி இருக்கும் தெரியுமா? முதல் பக்கத்தில் அவருக்கு 51 சதவீதம் என்று பெரிதாக இருக்கும். பின்னால் போகப் போக, தினசரி நிர்வாகம் முழுவதும் முதலீட்டாளர் கம்பெனிக்கு, அதற்கு மாதக் கட்டணம் விற்பனையில் ஒரு பங்கு, வங்கிக் கணக்கில் கையெழுத்து அவர்களுடையது, அப்புறம் லைசென்ஸ் வந்ததும் அந்த 51-ஐ ஏற்கெனவே பேசிய சொற்ப விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமை. ஆணையம் இதையெல்லாம் கேட்டு வாங்கிப் படிக்கிறது. உண்மையான கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். அவருக்கென்று தனி வக்கீல் இருக்கட்டும்.

சின்ன முதலீடு என்றால் மைக்ரோபிசினஸ் பிரிவு இருக்கிறது: 10 ஊழியர்கள், 2,500 சதுர அடிக்குள். கண்டிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது இடம் கையில் இருக்க வேண்டியதில்லை. கிடைத்த பிறகு முழு லைசென்ஸாக மாற்ற ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் இடமும் ஊர் ஒப்புதலும் வாங்குவது பெரும்பாடு, அதனால்தான் ஊரை முதலிலேயே பார்க்கச் சொன்னேன்.

லாபம் பற்றி. மத்திய வருமான வரிச் சட்டத்தில் 280-ஈ என்று ஒரு பிரிவு, 1982-இல் வந்தது. மத்திய அரசு போதைப் பொருள்களை அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது; அதில் ஒன்றாம், இரண்டாம் அட்டவணைச் சரக்கு விற்பவர் கொள்முதல் செலவை மட்டும்தான் கழிக்கலாம். விற்பனை 10 லட்சம் டாலர், சரக்குக்கு 6 லட்சம், வாடகை, சம்பளம், காவல் எல்லாம் 3.5 லட்சம் என்று வையுங்கள். கையில் நிற்பது 50,000. வரியோ 4 லட்சத்துக்கு: 21 சதவீதத்தில் 84,000. சம்பாதித்ததைவிட வரி அதிகம்! ஒன்றாம் அட்டவணையில் இருந்த கஞ்சாவை, 280-ஈ தொடாத மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற 2024 மே மாதம் நீதித்துறை முன்மொழிந்தது. உங்கள் வகை லைசென்ஸுக்கு அது பொருந்துகிறது என்று எழுத்தில் பார்க்கும்வரை பழைய கணக்கையே போடுங்கள்.

இப்போது இடம் பார்க்கலாம். இடத்தின் சொந்தக்காரர் சம்மதித்தால் மட்டும் போதாது. அவருடைய வங்கிக் கடன் பத்திரத்தில் மத்தியச் சட்டத்துக்கு விரோதமான தொழிலுக்கு இடம் விடக்கூடாது என்று இருக்கலாம். கடன் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலை வாங்கித் தரச் சொல்லுங்கள். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் குத்தகை ரத்து, அட்வான்ஸ் திரும்பும் என்ற வரியை ஏற்காத சொந்தக்காரரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.