வகுப்பறையில் பயறு முளைக்க வைப்பது

தரம் 2 பிள்ளைகளுக்குப் பயறுதான் சரி. கொழும்புச் சூட்டில் ஈரப் பஞ்சில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். சமையலுக்கு விற்கும் முழுப் பயறையே வாங்குங்கள். விதைப் பயறில் மருந்து பூசியிருக்கலாம்.

விளக்கத்தோடு தொடங்காதீர்கள். "இது வளர என்ன வேணும்?" என்று கேட்டு, வரும் பதில்களை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். என் வகுப்பில் மண், வெயில் என்றுதான் அதிகம் சொல்வார்கள். "சரி, பாப்பம்" என்று சொல்லி மூன்று யோகட் கப்களில் பஞ்சு வையுங்கள்: ஈரமாக யன்னலோரம் ஒன்று, ஈரமாக அலுமாரிக்குள் ஒன்று, காய்ந்தபடி யன்னலோரம் ஒன்று. மூன்றிலும் ஊறவைக்காத பயறு. யன்னலோர ஈரக் கப்போடு ஒப்பிட்டால் மற்ற ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணத்தைப் பிள்ளைகளால் பிடிக்க முடியாது.

தினமும் வரையட்டும், நூலால் அளக்கட்டும். தண்ணீரைத் தெளித்தால் போதும். தேங்கவிட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

அலுமாரிப் பயறும் முளைக்கும், யன்னலோரத்தை விட உயரமாகவே வரும். "இதுதான் வென்றது!" என்று கத்துவார்கள். மறுக்காதீர்கள். தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: மெலிந்து, வெளிறி, சாய்ந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பாடவேளை இதுதான். அப்புறம் ஊறிய பயறொன்றைப் பிளந்து, அலுமாரிப் பயறு இதுவரை சாப்பிட்டது உள்ளே இருக்கும் இந்த இரண்டு பருப்பைத்தான் என்று காட்டுங்கள். பிறகு அலுமாரிக் கப்பையும் வெளிச்சத்தில் வைத்து, என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள்.