புது கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்: அவசரத்தில் செய்கிற தவறுகள்

"மாமா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல. போர்டு போயிடுச்சு போல."

ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பையன் போன் செய்தான். பல மாதமாகச் சேர்த்த காசில் பாகம் பாகமாக வாங்கி, அன்றுதான் முதல்முறையாக ஆன் செய்திருக்கிறான். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு அம்மாபேட்டை போனேன். நான் போவதற்குள் பவர் பட்டனை ஏழெட்டு முறை அழுத்தி அணைத்திருந்தான்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆன் செய்துவிட்டு, யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த டீயைக் குடித்தேன். மதர்போர்டின் ஓரத்தில், டிராம் (DRAM, அதாவது ரேம்) என்று எழுதியிருந்த இடத்தில், ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. டம்ளர் காலியாவதற்குள் அது அணைந்தது. திரையில் படம் வந்தது.

டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் போட்ட போர்டுகள் முதல்முறை ஆன் ஆகும்போது ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். சில நிமிடங்கள் ஆகலாம், ரேம் அதிகம் என்றால் இன்னும் கூடலாம். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். நடுவில் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து. இவன் ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்துவிட்டு, போர்டைத் திட்டிக்கொண்டிருந்தான்.

பழுதே இல்லாத ஒன்றைப் பழுது என்று முடிவு கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் வயரைப் போர்டில் செருகுவது, பிராசசருக்கான தனி 8 பின் வயரை மறப்பது, கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விடுவது எல்லாம் இந்த வகைதான். போர்டில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நாலு குட்டி விளக்குகள் இருந்தால், எது எரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழைய வீடுகளில் அடிக்கடி வரும் புகார்: கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. உடனே எஸ்எம்பிஎஸ்ஸை (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சார இரைச்சலை எர்த்துக்குக் கடத்திவிட சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் சுமார் பாதி அங்கே இருக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுருக்கென்று குத்துவதோடு போகிறது. கோளாறு சுவரில் இருக்கிறது. மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து ரெண்டு பின் சாக்கெட்டில் செருகும் வழக்கத்தை முதலில் விடுங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பாருங்கள். பலமாகவே ஷாக் அடித்தால் அது வேறு விஷயம், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சரி, இவன் கதைக்கு வருவோம். ரெண்டு வாரம் கழித்து நிஜமான பழுதே வந்தது. கேம் நடுவில் நீலத் திரை. அப்புறம் சும்மா இருக்கும்போதே ரீஸ்டார்ட். இந்த முறை எனக்குச் சொல்லாமல் அவனே வைத்தியம் பார்த்தான். விண்டோஸை மறுபடி போட்டான், பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தான், ரேமைக் கழற்றி மாட்டினான், எல்லாம் ஒரே மத்தியானத்தில். ரெண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மறுபடி ஆரம்பித்தது. ரெண்டு நாள் ஓடியது எதனால் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் அந்த ரெண்டு நாளே ஒரு தடயமாக இருந்திருக்கும்.

திரையில் வரும் வாசகத்தை அப்படியே நம்புவதும் தப்பு. விண்டோஸின் ஈவென்ட் லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) கெர்னல் பவர் 41 என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று முடிவு செய்தான். அந்த எண்ணுக்கு, மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான் அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில் கோளாறு வந்தபோது, கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று காட்டின. பலரும் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். சிக்கல் இருந்தது பிராசசரில். 2024-இல் அந்தச் சிப்களுக்கு வாரண்டியை 2 வருஷம் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகித்தவன் அதோடு நிற்கவில்லை, நண்பனிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்க்கக் கிளம்பினான். தன் பழைய வயர்களைக் கழற்றாமல், பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம் என்று யோசனை. நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்தான். கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்எம்பிஎஸ்களில், பெட்டிப் பக்கத்து முனைக்குப் பொதுவான அமைப்பு கிடையாது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகலாம். ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே காலி. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் வயரும் சேர்ந்தே மாற வேண்டும்.

நாங்கள் செய்தது இது. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போவை பயாஸில் அணைத்தோம். அது ஆன் ஆகியிருக்கும்போது மட்டும் பிழை வந்தால் ரேம் பழுது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரெண்டு ரேமில் ஒன்றை மட்டும் மாட்டி, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டோம். பிழை வந்தால் அது சிவப்பில் காட்டும். காலையில் திரையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. அதே ஸ்லாட்டில் அடுத்ததை மாட்டியதும் கால் மணி நேரத்தில் சிவப்பு வரிகள் குவிந்தன. அதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினோம், அங்கேயும் சிவப்பு. ஸ்லாட் நல்லது, ரேம்தான் கெட்டது. ரெண்டு ராத்திரி போனது, ஆனால் சண்டை போடுவதற்குக் கையில் ஆதாரம் வந்தது.

சண்டை வந்தது. கேபினெட்டும் ரேமும் தீபாவளி ஆஃபரில் வாங்கியவை, போர்டு பொங்கலுக்கு. எல்லாம் சேர்ந்து ஆன் ஆவதற்குள் ரேமின் ரிட்டர்ன் நாட்கள் எப்போதோ முடிந்துவிட்டன. வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் ஆன் செய்த நாளிலிருந்து அல்ல. பாகங்களை மாதக்கணக்கில் சேர்ப்பதாக இருந்தால், யாராவது நண்பனின் மெஷினில் வந்த வாரமே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். விற்ற கடைக்காரர், "கம்பெனியைப் பாருங்க தம்பி" என்று கை கழுவினார். ரேம் ஜோடியாக வாங்கியது, அதனால் ரெண்டையும் அனுப்பச் சொன்னது கம்பெனி. நல்லதை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்ற அவன் கணக்கு பொய்த்தது.

ரேமை அனுப்புவது சுலபம். போர்டு என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பிராசசர் சாக்கெட்டை மூடி வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை முதல் நாளே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போர்டு திரும்பிப் போகும்போது பின்களைக் காப்பது அதுதான். பின் வளைந்தால் வாரண்டி கிடைக்காது. கொடுப்பதற்கு முன் மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து சாக்கெட்டைப் படம் எடுங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் அந்த வரிசையில் மினுமினுப்பு உடையும். சர்வீஸ் சென்டரில் அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டி, பின் சேதமில்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள்.

கடையும் கம்பெனியும் மாறி மாறிப் பந்தாடினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ரெண்டுக்கும் பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு நண்பர் ஒருவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஓடிய மெஷினைக் காரில் படுக்கவைக்காமல் நிறுத்தி, கனமான கிராஃபிக்ஸ் கார்டோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக்கொண்டு போனார். மேலே டிஸ்ப்ளே இல்லை. கார்டைக் கழற்றி மாட்டியதும் வந்தது, ஸ்லாட் தப்பித்தது அவர் அதிர்ஷ்டம். மலையேற்றும்போது கார்டைத் தனியாக அதன் பெட்டியில் வையுங்கள்.

ரேம் மூணு வாரம் கழித்து வந்தது. மாட்டி ஆன் செய்தோம். திரை கருப்பு, மஞ்சள் விளக்கு. அவன் பவர் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. உள்ளே திரும்பி, "அம்மா, டீ" என்றான்.