பழைய கான்ஸ்டெலேஷன் விமானத்தின் ஜாதகத்தைத் தோண்டி எடுப்பது எப்படி?

பழைய கார் வாங்கப் போகிறவர் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல் ஆர்.சி. புத்தகத்தையும் சேசிஸ் நம்பரையும்தான் முதலில் பார்ப்பார். பழைய விமானத்துக்கும் அதே வழிதான். லாக்ஹீட் கான்ஸ்டெலேஷன் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நாலு புரொபெல்லர், மூன்று வால், மீன் மாதிரி வளைந்த உடம்பு. எல்லா வகையும் சேர்த்துக் கட்டியதே 856 தான், அதனால் பொறுமை இருந்தால் ஒவ்வொன்றும் எங்கே பிறந்து எங்கே முடிந்தது என்று தனித்தனியாகப் பின்தொடர்ந்து போகலாம்.

முதலில் உற்பத்தி எண்ணைப் பிடியுங்கள். தொழிற்சாலையில் கொடுத்த அந்த எண் மட்டும்தான் கடைசி வரை மாறாது, நிறுவனம், பெயர், நிறம், இன்ஜின், ஏன் உடம்பின் நீளம்கூட மாறும். நம்ப முடியவில்லையா, 1961 என்ற உற்பத்தி எண்ணைப் பாருங்கள் (அது ஆண்டு இல்லை, முதல் தடவை பார்ப்பவர்கள் குழம்புகிற இடம் இது). 1943 ஜனவரி 9-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பர்பாங்க்கில் பறந்த முதல் கான்ஸ்டெலேஷன் அதுதான். அப்புறம் வேறு இன்ஜின் மாட்டினார்கள், அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸ் கைக்குப் போய் லாக்ஹீட்டிடமே திரும்பி வந்தது, கடைசியில் உடம்பை வெட்டி நடுவில் துண்டு சேர்த்து நீட்டினார்கள். 1950 அக்டோபரில் அதே விமானம் சூப்பர் கான்ஸ்டெலேஷனின் முன்மாதிரியாக மறுபடி பறந்தது. வகையின் பெயரை வைத்துத் தேடியிருந்தால் இவை இரண்டு வெவ்வேறு விமானங்கள் என்றே எழுதிவிடுவோம்.

அடுத்தது பதிவெண். வி.டி. என்று தொடங்கினால் இந்தியா, என். என்றால் அமெரிக்கா, வி.எச். என்றால் ஆஸ்திரேலியா. விமானம் நாடு மாறினால் இதுவும் மாறும், ஒரு விமானத்துக்கு இருந்த பதிவெண் பிறகு வேறொன்றுக்குப் போவதும் உண்டு, அதனால் பதிவெண்ணை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். வண்ணத்தை நம்பவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமான நிறுவனத்தின் பாணி வண்ணத்தில் நிற்கும் வி.எச்.-ஈ.ஏ.ஜி. குவான்டாஸில் ஒரு நாளும் ஓடியதில்லை, அது அமெரிக்க விமானப்படையில் 54-0157 என்ற எண்ணோடு இருந்தது.

இந்த ராணுவ எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 48-610 என்பதை எடுத்துக்கொள்வோம். 48 என்பது எந்த நிதியாண்டுக் கணக்கில் ஆர்டர் கொடுத்தார்கள் என்பது, 610 என்பது அந்த ஆண்டின் வரிசை. வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தையும் கோட்டையும் விட்டுவிடுவார்கள், ஆகவே புகைப்படத்தில் 8610 என்றுதான் தெரியும். இது அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பயன்படுத்திய கொலம்பைன் 2. வானத்தில் இன்னொரு பயணிகள் விமானமும் 8610 என்றே அழைக்கப்பட்டுக் குழப்பம் வந்ததால்தான் 'ஏர்ஃபோர்ஸ் ஒன்' என்ற அழைப்புப் பெயர் பிறந்தது என்று சொல்வார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிற்காலம். ஓய்வு கொடுத்த பிறகு அரசு அதை வேறு சில கான்ஸ்டெலேஷன்களோடு மொத்தமாக விற்றது, வாங்கியவர் விமானத்திலிருந்து பயிருக்கு மருந்து தெளிக்கும் தொழில் செய்தவர், தன்னிடம் இருப்பது அதிபரின் விமானம் என்றே அவருக்குத் தெரியாது. உதிரிபாகத்துக்காகப் பிரித்துத் தீர்ந்திருக்க வேண்டியது. எண்ணை வைத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலிருந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அரிசோனாவில் பல வருடம் வெயிலில் கிடந்து, 2016 மார்ச்சில் வர்ஜீனியாவுக்குப் பறந்து போனது. அந்த எண்ணை யாரும் சரிபார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

சரி, இப்போது நோட்டில் கோடு போடுங்கள்: தேதி, யாரிடம், என்ன பதிவெண், எந்தச் சான்று. முதலில் பறந்த நாள், ஒப்படைத்த நாள், பதிவான நாள் மூன்றும் ஒன்றல்ல, தனித்தனியாக எழுதுங்கள். நடுவில் இரண்டு வருடம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். ஊகத்தை எழுதி நிரப்பினால் அடுத்தவர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

புகைப்படம் கிடைத்தால் ஜன்னலைப் பாருங்கள். பயணிகள் விமானத்தில் அது வட்டமாக இருந்தால் பழைய 049 அல்லது 749 வகை, செவ்வகமாக இருந்தால் சூப்பர் கான்ஸ்டெலேஷன் பக்கம். படத்தின் பின்னால் எழுதியிருக்கும் குறிப்பும் ஜன்னலும் ஒத்துப்போகாவிட்டால் ஜன்னலை நம்புங்கள்.

விபத்தில் முடிந்தவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் (வி.டி.-சி.க்யூ.பி.) 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு நிறுவனத்தின் முதல் சர்வதேசப் பயணத்தைத் தொடங்கியது. 1950 நவம்பர் 3-ஆம் தேதி ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் மலையில் மோதியதில் அதிலிருந்த 48 பேரும் இறந்தார்கள். 1966 ஜனவரி 24 அன்று அதே மலையில் ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா என்ற போயிங் 707 விமானமும் மோதியது, 117 பேர் இறந்தார்கள். பனியாறு நகர நகர இன்றும் அங்கே துண்டுகள் வெளிவருகின்றன, செய்தியில் 'ஏர் இந்தியா விமானப் பாகம்' என்று மட்டும் போட்டுவிடுவார்கள். கடிதமோ செய்தித்தாளோ கிடைத்திருந்தால் தேதியைப் பாருங்கள். 2012-இல் கிடைத்த இந்திய அரசுத் தபால் பை அப்படித்தான் 1966-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. இன்ஜின் துண்டு என்றால் இன்னும் சுலபம். கான்ஸ்டெலேஷனில் இருந்தது ரைட் நிறுவனத்தின் 18 சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின், சிலிண்டரைச் சுற்றி நெருக்கமாக மெல்லிய குளிர்விப்புத் தகடுகள் இருக்கும். 707-இல் இருந்தது ஜெட், அதில் சிலிண்டரே கிடையாது, விசிறி இலைகள்தான் இருக்கும்.