லயத்திலிருந்து கிளினிக் வரை: தோட்டத்தில் எச்.ஐ.வி தடுப்புத் திட்டம் போடுவது எப்படி?

நவம்பர் பிறந்தால் மலையகத் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றங்களிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: “டிசெம்பர் 1 எயிட்ஸ் தினத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் அக்கா, பெனர் அடிக்க எவ்வளவு ஆகும்?” பெனரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் லயம் என்ற வரிசை வீட்டிலிருந்து இறங்கிப் போய், பரிசோதனை செய்து, முடிவைக் கேட்டுக்கொண்டு, சுவருக்கு அப்பால் இருக்கும் பக்கத்துக் காம்பராவுக்கு (அறைக்கு)த் தெரியாமல் வீடு திரும்ப எவ்வளவு செலவாகும்? திட்டம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதிதாக இறங்குவோருக்கு, நான் செய்து பழகிய வழியைச் சொல்கிறேன்.

படி 1: விடுபட்டவர் யார் என்று பாருங்கள்

இலங்கையில் முதல் எச்.ஐ.வி தொற்று 1987இல் பதிவானது. இன்றும் தொற்று குறைந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசெம்பரில் சான்றளித்தது. கர்ப்பிணி என்று தெரிந்ததும் குடும்பநல மருத்துவமாது தேடி வருகிறார். கிளினிக்கில் மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி பரிசோதனையும் நடந்துவிடுகிறது. அந்தப் பெண் தனியாக எங்கும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

அவருடைய கணவருக்கு அப்படி ஒரு பாதை இல்லை. கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கும் தம்பிக்கும் இல்லை. நாட்டில் புதிதாக இனங்காணப்படுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே ஆண்களை எப்படி வரவைப்பது என்பதை முதலில் யோசியுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வந்த பெண்களுக்கு மட்டும் என்று ஒரு முகாமைத் தயவுசெய்து வைக்காதீர்கள். பழி அவர்கள் தலையில் விழும்; அடுத்த முறை ஒருவரும் வரமாட்டார்கள்.

படி 2: இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள்

அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆணுறை எல்லாமே இலவசம். நுவரெலியா, பதுளை, கண்டி நகரங்களில் இவை இருக்கின்றன. உங்கள் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒரு பக்கக் கடிதத்தோடு போங்கள். நாள், இடம், எத்தனை பேர் வரலாம், நீங்கள் என்ன தருவீர்கள் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். தோட்ட நிர்வாகத்திடமும் டிஸ்பென்சரியிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிசோதனைக் கருவி வாங்க ஒரு ரூபாவும் ஒதுக்காதீர்கள்.

படி 3: ‘பேர்’ என்ற செலவை எழுதுங்கள்

வெளியூரில் இருந்து எழுதப்படும் வரவு செலவுத் திட்டங்களில் இந்தச் செலவு இருக்காது. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான கூலிப் பதிவு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். டவுனுக்குக் கிளினிக் போகிறவருக்கு அன்றைய பேரே இல்லை.

கணக்குப் போடும் முன் நீங்களே ஒரு நாள் போய் வாருங்கள். நான் ஒரு கொப்பியோடு போனேன். ஐந்தரைக்கு லயத்தை விட்டு, பனியில் முக்கால் மணி நேரம் நடந்து, இரண்டு பஸ் மாறி, கிளினிக் வாசலுக்குப் போகும்போது ஒன்பதே கால். திரும்பி வர மாலை நான்கு. பஸ் காசு, தேநீர், பகல் சாப்பாடு, போன பேர் எல்லாவற்றையும் கூட்டினேன். நாற்பது ஆட்களை அனுப்ப நினைத்திருந்தோம்; அந்தத் தொகையை நாற்பதால் பெருக்கியபோதுதான் எங்கள் திட்டத்தின் உண்மையான அளவு தெரிந்தது.

என் கையில் 100 ரூபா இருந்தால் 50 ரூபாவை இந்தப் போக்குவரத்துக்கும் பேருக்கும் வைப்பேன். வீட்டுக்கு வீடு பேசப் போகும், அதே தோட்டத்தைச் சேர்ந்த இருவருக்கு 25. மண்டபம், தேநீர், அச்சுக்கு 15. மிச்சம் 10 விலையேற்றத்துக்கு. 2022இல் எரிபொருள் விலையோடு பஸ் கட்டணமும் ஏறியதை நாம் மறந்துவிடவில்லை.

கிளினிக் குழுவே தோட்டத்துக்கு வர முடிந்தால் செலவு பாதியாகும். அப்போது சீனி, பிரஷர் பார்ப்பதையும் சேர்த்து வையுங்கள். வரிசையில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எச்.ஐ.வி பரிசோதனைக்கு ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் கேட்டே ஆக வேண்டும்.

படி 4: கையெழுத்துப் பட்டியல்

ஒரு முகாமில், வந்தவர்களுக்குக் கொடுத்த பயணப் பணத்துக்கு நிதி தந்தவர்கள் பற்றுச்சீட்டு கேட்டார்கள். பெயர், லய இலக்கம், கையெழுத்து எல்லாம் ஒரே தாளில். மதியம் அது மேசையிலேயே கிடந்தது. தண்ணீர் குடிக்க வந்த ஒருவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு போவதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். மாலைக்குள் இரண்டு வீடுகளில் சண்டை. எவருக்கும் தொற்று இல்லை. பரிசோதனைக்குப் போனார் என்ற செய்தியே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு நான் பெயர் எழுதுவதில்லை. முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்: பயணப் பணம் இலக்கமிட்ட உறையில் கொடுக்கப்படும், உறை இலக்கமே பற்றுச்சீட்டு. நிதி தருபவரிடம் இதை முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒப்புக்கொள்ளாத பணத்தை வாங்காமல் விடுவது நல்லது.

படி 5: பணம்

எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக 2002இல் தொடங்கிய உலகளாவிய நிதியம் இலங்கையின் எச்.ஐ.வி தடுப்புக்கு உதவி வருகிறது. அது ஒரு தோட்டத்து மன்றத்துக்கு நேரடியாக வராது. அரசின் தேசிய எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தோடு வேலை செய்யும் நிறுவனங்கள் வழியாகவே வரும். பக்கத்தில் பிரதேச சபை, கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், நம் ஊர்க் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். காசாகக் கேட்டால் தயங்குவார்கள். ஒரு நாள் வேன், நாற்பது பார்சல் சோறு என்று பொருளாகக் கேளுங்கள்.

படி 6: நாளும் எண்ணிக்கையும்

தீபாவளி, பொங்கல், தேர்த் திருவிழா நாட்களில்தான் வெளியூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அவர்கள் பஸ் ஏறுவதற்கு முந்திய ஞாயிறு நல்ல நாள்.

வந்தவர்களை எண்ணாதீர்கள், முடிவைக் கேட்டுப் போனவர்களை எண்ணுங்கள். தொற்று இருப்பவர் ஒருவர் இருந்தால், அவர் சிகிச்சை தொடங்கும் வரை கூடப் போக ஒருவரை முன்பே நியமித்திருக்க வேண்டும். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் பிறருக்குத் தொற்றாது. இதை அவரிடம் அன்றே சொல்ல வேண்டும். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் தடுப்பு மருந்து உண்டு என்பதையும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

அண்மையில் தொடர்பு இருந்தவருக்கு இன்றைய பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி வர வேண்டும். அந்தப் பயணத்துக்கான பஸ் காசையும் அவருடைய இலக்க உறையில் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.