யாரும் பார்க்காத வேலை: கிறிஸ்தவ உழைப்பு நெறியை அன்றாடம் கைக்கொள்ள

கிறிஸ்தவ உழைப்பு என்றால் ஓய்வில்லாமல் பாடுபடுவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வேதாகமம் வற்புறுத்துவது வேறு: சரியான அளவு, தாமதிக்காத கூலி, காப்பாற்றும் வாக்கு, ஓய்வு. தோட்டத்தைப் பண்படுத்தும் பொறுப்பு மனிதனுக்கு ஆதியாகமம் 2:15-லேயே வந்துவிடுகிறது. பாடுபட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்ற சாபம் அடுத்த அதிகாரத்தில்தான். இயேசு தச்சர். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார். ஆகவே ஊழியம் உயர்ந்தது, பிழைப்பு தாழ்ந்தது என்ற கணக்கை முதலில் அழித்துவிடுங்கள்.

காலையில் போனைத் தொடுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்று முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை எழுதி, ஒவ்வொன்றும் யார் கைக்குப் போகிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ‘வருகைப் பதிவு’ என்று மட்டும் எழுதாமல், ‘இதை வைத்துத்தான் இரவு ஷிஃப்ட்காரர்களுக்குச் சம்பளம் போடுவார்கள்’ என்று எழுதினால் வேலையின் கனம் தெரியும். அவர்களுக்காக ஜெபியுங்கள். பத்துப் பன்னிரண்டு எழுதினால் ஜெபம் பட்டியல் வாசிப்பாகிவிடும்; மூன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்ததுதான் கடினம். மேலாளர் கண்ணுக்காக மட்டும் செய்வதைக் கொலோசெயர் 3:22 ‘பார்வைக்கு ஊழியஞ்செய்வது’ என்கிறது. உங்கள் தொழிலில் யாருமே சோதிக்காத இடம் எது? நிச்சயம் ஒன்று இருக்கும். தையலில் அது உட்புறம்: முடிக்கும் இடத்தில் மூன்று நான்கு தையல் பின்னோக்கிப் போட்டுக் கட்டாவிட்டால், துவைக்கத் துவைக்க முனை பிரிந்துகொண்டே வரும். வயரிங்கில் அது சுவிட்ச் பெட்டிக்குள்: ஸ்குரூவை இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும், தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகும், தீப்பிடிக்கவும் செய்யும். மூடி போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அலுவலக வேலையில், படிக்காமலே ‘சரிபார்த்தேன்’ என்று போடும் கையெழுத்து. வாரத்துக்கு இப்படி ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சீர்செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்பினால், நான்காம் நாளே பழைய வழக்கம் திரும்பிவிடும்.

வாக்கு விஷயத்தில் நல்லவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். மறுக்கத் தயங்கி ‘நாளைக்குத் தந்துவிடுகிறேன்’ என்பார்கள். அது தாழ்மை அல்ல, பொய். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ (மத்தேயு 5:37) என்பது தேதிக்கும் பொருந்தும். இதே மாதிரி வேலைக்குக் கடந்த முறை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். ஆசைப்படும் நாளை விட்டு அந்த நாளைச் சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே தெரிவியுங்கள். கெடு முடிந்தபின் சொல்லும் காரணம் எவ்வளவு உண்மையானாலும் எதிரே இருப்பவருக்குச் சாக்காகத்தான் கேட்கும்.

வேலை நேரத்தில் வேத வசனம் பகிர்வதும் ஜெபக் குழுவுக்குப் பதில் போடுவதும் சாட்சி ஆகாது. அந்த நேரத்துக்கு ஒருவர் சம்பளம் தருகிறார். இடைவேளையில் செய்யுங்கள்.

உங்களிடம் யாராவது வேலை செய்தால் கணக்கு இன்னும் கடுமை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. தினக்கூலி என்றால் அன்று மாலையே, மாதச் சம்பளம் என்றால் சொன்ன தேதியில், கேட்க வைக்காமல் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் இதுவே. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்லும் கொலோசெயர் 3:23-ஐ ஊழியர்களிடம் எடுத்துச் சொல்லும் முதலாளிகள், நீதியும் செவ்வையுமாக நடத்தச் சொல்லும் 4:1-ஐயும் சேர்த்தே வாசிக்கட்டும். சாப்பிடவும் கூடாது என்று 2 தெசலோனிக்கேயர் 3:10 சொல்வது வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றியது. வேலை கிடைக்காதவர்மீதும் நோயாளிமீதும் அதை வீசக்கூடாது.

வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு. முந்தின மாலையே பாக்கி வேலைகளைத் தாளில் எழுதி மூடிவையுங்கள். எழுதாவிட்டால் அவை மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் வேறொரு நாளை எடுத்துக்கொள்ளலாம். யாத்திராகமம் 20:10 வேலைக்காரருக்கும் மிருகத்துக்கும்கூட ஓய்வு கேட்கிறது; ஆகவே உங்கள் ஓய்வுக்காக வீட்டில் இன்னொருவர் இரட்டிப்பாக உழைக்கக்கூடாது. ஞாயிறு முழுவதும் சபைக் கமிட்டிகளில் அலைவதும் ஓய்வு அல்ல!

பொய்க் கணக்கு எழுதச் சொன்னால்? பாபிலோன் அரண்மனையில் ராஜாவின் உணவைச் சாப்பிடச் சொன்னபோது தானியேல் வெறுமனே மறுக்கவில்லை; காய்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழி வைத்தார். நீங்களும், கேட்பவருக்கு உண்மையில் என்ன தேவை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அது கெடுவோ மேலிடத்து நெருக்கடியோதான். உண்மையான எண்களோடு, குறைவுக்கான காரணத்தையும் ஈடுகட்டும் திட்டத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதையும் ஏற்காவிட்டால் கையெழுத்து போடாதீர்கள். வேலை போனால் சமாளிக்க மூன்று மாதச் செலவுப் பணத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் மறுப்பது சற்று எளிது.