உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கு நிலப் பயன்பாட்டைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மாநகரை ஒட்டிய ஊராட்சிகளில் விளைநிலம் மனையாகும் வேகத்தைப் பார்த்து, உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கு நிலச் சட்டங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் குடியிருப்போர் சங்கங்களுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கும் வந்திருக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் நடக்கும் வகுப்புகளில் பல, கேட்பவரின் மேசைக்கு வரும் காகிதத்திலிருந்து தொடங்காமல் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசியலமைப்புத் தகுதி தந்த 73, 74ஆம் திருத்தங்களையும், பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களையும், பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களையும் ஒரு மணி நேரம் விளக்கிவிட்டால் வகுப்பு முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. ஊராட்சித் தலைவருக்கு மறுநாள் தேவைப்படுவது அட்டவணை அன்று. அவருடைய ஊரின் ஒரு புல எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்குரிய 'அ' பதிவேட்டுப் பகுதியையும் (ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் பரப்பையும் சொல்லும் கிராமக் கணக்கு) புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலிருந்து அச்சிட்டுக் கையில் கொடுத்து, இதில் வண்டிப்பாதை எது, ஓடைப் புறம்போக்கு எது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், எந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது என்பது அவருக்கே விளங்கத் தொடங்கும்.

அடுத்த தவறு பயிற்சியளிப்பவர்களிடமே மிகுதியாகக் காணப்படுவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நன்செய், புன்செய், நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), புறம்போக்கு என்பவை வருவாய்த் துறையின் நில வகைப்பாடு. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்பவை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வகுக்கும் நிலப் பயன்பாடு. இரண்டும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு பதிவேடுகளில் இருப்பவை. ஒன்று மாறினால் மற்றொன்று தானாக மாறுவதில்லை. முழுமைத் திட்டத்தில் விவசாயப் பகுதியாக இருக்கும் இடத்தில் பட்டாவை மட்டும் காட்டிக் கட்டட அனுமதி கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பது இந்த வேறுபாட்டை அறிந்தவருக்கே தெரியும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களில் எதுவும் செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பதும் பிழையே. அங்கே விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கென்று 2017ஆம் ஆண்டின் தனி விதிகள் இருக்கின்றன.

'பத்திரம் பதிவாகிவிட்டால் மனை அங்கீகாரம் பெற்றதாகிவிடும்' என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடையாக நிற்கிறது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு அங்கீகாரம் பெற 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் வழி தருகின்றன. ஆனால் நீர்நிலையில் அமைந்த மனைக்கு அந்த வழி திறக்காது. இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் முன்பாதியை மட்டும் சொல்லி அனுப்பும் வகுப்பு, எதுவும் சொல்லாத வகுப்பைவிடக் கெடுதலானது.

கேட்பவரிடம் இல்லாத அதிகாரத்தை அவரிடம் இருப்பதாகக் கருதிப் பேசுவது இன்னொரு பிழை. மனைப்பிரிவின் தொழில்நுட்ப ஒப்புதல் நகர் ஊரமைப்புத் துறையிடம் இருக்கிறது. அதன் பிறகே உள்ளாட்சியின் இறுதி அனுமதி வருகிறது. கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், ஊராட்சிச் செயலர் ஊராட்சியைச் சேர்ந்தவர் என்ற எளிய செய்தியைக்கூடத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பது வழக்கம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் முதல் வகையைக் கருதி இயற்றப்பட்டது. ஒன்றியத்து ஏரிக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி மனு எழுதக் கற்றுக்கொடுத்தால், அந்த மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டே இருக்கும்.

மாறாக, உள்ளாட்சியிடம் உண்மையாகவே இருக்கும் பொறுப்பு பல வகுப்புகளில் பேசப்படுவதே இல்லை. பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகளையும், பூங்காவுக்கும் பொதுப் பயனுக்கும் ஒதுக்கப்படும் பத்து விழுக்காட்டுத் திறந்தவெளியையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்ற பத்திரம் பீரோவில் இருக்கிறதா, சொத்துப் பதிவேட்டில் ஏறியதா, வருவாய்க் கணக்கில் உள்ளாட்சியின் பெயருக்கு மாறியதா, இடத்துக்கு வேலி உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கே அரை நாள் ஒதுக்கலாம். பத்தாண்டு கழித்து அந்தப் பூங்கா இடம் வேறொருவர் பெயரில் விலை பேசப்படுவது பெரும்பாலும் இந்தக் கவனக்குறைவால்தான்.

சமவெளிக்குத் தயாரித்த பாடத்தை அப்படியே இருபது கொண்டைஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குக் கொண்டுபோவது பெருந்தவறு. அங்கே ஹாக்கா என்று அழைக்கப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும், தனியார் காடுகளுக்கு 1949ஆம் ஆண்டின் சட்டமும் பொருந்துகின்றன. சரிவையும் மண்ணையும் பாராமல் வெட்டப்படும் மேடையும் பாதையும் பெருமழையில் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் சரிந்த மண்ணே சொல்லிவிட்டது. காப்பித் தோட்டங்களைப் பற்றி ஒரு நுட்பமும் உண்டு: 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் தோட்டப் பயிர்களுக்கு விலக்கு அளித்தது. பயிருக்காகக் கிடைத்த அந்த விலக்கு, தோட்டம் விடுதி மனைகளாகத் துண்டாடப்படும்போது கேள்விக்குள்ளாகிறது. இதை விளக்கிச் சொல்லும் பயிற்சியாளர்கள் அரிது.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி என்பதால், 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டம் ஏற்காட்டுக்குப் பொருந்தும் என்று சிலர் மேடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிகளுக்கான பட்டியல் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் இல்லாததால் அச்சட்டம் இங்கே நடைமுறையில் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பொருந்துகிறது. உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயும் பணியை அது கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. இல்லாத சட்டத்தை நம்பி இருக்கும் சட்டத்தைக் கைவிட்டால் இழப்பு அந்த மக்களுக்கே.

ஒரே ஊராட்சியை மட்டும் அழைத்துப் பேசுவதும் போதாது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் மாநகருக்குள் ஓடிக் கீழே போகிறது. மலையடிவார ஓடைகள் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு நீர் தருகின்றன. மேலே ஊராட்சி, இடையில் பேரூராட்சி, கீழே மாநகராட்சி என்று நிர்வாகம் பிரிந்திருந்தாலும் நீருக்கு அந்த எல்லை தெரியாது. மூன்று அமைப்பினரையும் ஒரே வரைபடத்தின் முன் அமர்த்தினால், ஓடையை யார் மறித்தது என்ற கேள்வி கொஞ்சம் சங்கடமாக எழும். எழட்டும்.

தீர்மானம் எழுதும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபையில் 'ஏரியைக் காக்க வேண்டும்' என்று பொதுப்படையாக எழுதப்படும் தீர்மானத்தை எந்த அலுவலரும் கோப்பில் வைத்து மூடிவிடலாம். புல எண், பரப்பு, 'அ' பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, இப்போதுள்ள நிலை, எந்த அலுவலர் எந்தச் சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை அடங்கிய தீர்மானத்துக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்போது, தலைவரம்மாவை நாற்காலியில் அமர்த்திவிட்டு அவருடைய கணவரைப் பார்த்து வகுப்பெடுக்கும் பயிற்சியாளர்களை என்னவென்று சொல்வது! சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், நாம் என்ன விரும்புகிறோம் என்பதையும் ஒரே குரலில் கலந்து பேசுவதும் தவிர்க்க வேண்டியது. மனை வணிகத்தில் பங்குள்ளவர் பாடம் நடத்தினால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டுதான். ஆகவே ஊராட்சிச் செயலரையும் ஒன்றிய அலுவலக எழுத்தரையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, ஊரின் புறம்போக்கு நிலங்களின் பட்டியலையும் புலப்படங்களையும் தானப் பத்திர நகல்களையும் ஒரே கோப்பாகக் கட்டி, அடுத்து வருபவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டே பயிற்சியாளர்கள் ஊர் திரும்ப வேண்டும்.